தூக்கத்திலும் சாதகம்

ஒருவர் டார்ட் எறிந்து பழகிக்கொண்டிருக்கிறார். எதிரே வட்டப் பலகை, கையில் கூர்முனை கொண்ட சிறு அம்பு. குறிபார்த்துக் கையை ஓங்கினால், அங்கிருக்கும் பொம்மை ஒன்று திரும்பத் திரும்ப அவர் மேலேயே டார்ட்டை எறிகிறது. இதெல்லாம் கனவு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பயிற்சியையே தொடங்கினார். ஆனாலும் பொம்மை விடுவதாக இல்லை.

மெலனி ஷேட்லிஷ், டேனியல் எர்லாகர், மிஷாயேல் ஷ்ரெடல் மூவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் வருவது இது. தூக்க ஆய்வுக்கூடத்தில் படுத்தவர்களிடம், கனவு என்று உணர்ந்ததும் டார்ட் எறிந்து பழகும்படி சொல்லியிருந்தார்கள். கவனம் அதிகம் சிதறாமல் பழக முடிந்தவர்கள் காலையில் நிஜப் பலகைக்கு முன்னால் நின்றபோது 18 சதவீதம் தேறியிருந்தார்கள். இடைஞ்சல்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் என்பதால் அந்த 18-ஐ ரொம்பவும் நம்பிவிட வேண்டாம். ஆனால் பொம்மையை மறந்துவிடாதீர்கள். கனவுப் பயிற்சியைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள்.

கனவு காண்கிறோம் என்பது கனவுக்குள்ளேயே தெரிந்துவிடும் நிலையை லூசிட் டிரீம் என்பார்கள். டச்சு மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வான் ஈடன் 1913-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய பெயர். இங்கே தெளிகனவு என்று வைத்துக்கொள்வோம். அபூர்வமான சங்கதி அல்ல. ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் கணக்குப் பார்த்தபோது, ஏறக்குறைய 55 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரு முறையாவது கண்டிருந்தார்கள். மாதத்துக்கு ஒன்றாவது காண்பவர்கள் 23 சதவீதம். எர்லாகர் குழுவினர் ஜெர்மனியில் 840 விளையாட்டு வீரர்களிடம் விசாரித்ததில், தெளிகனவு காண்பவர்களில் 9 சதவீதத்தினர் அதைப் பயிற்சிக்கே பயன்படுத்துவதாகச் சொன்னார்கள்.

சொன்னார்கள், சரி. நம்புவது எப்படி? இந்தத் துறை பல காலம் முட்டி நின்றது இந்தக் கேள்வியில்தான். விழித்த பிறகு ஒருவர் சொல்லும் கனவுக்கு வேறு சாட்சி கிடையாது. ஆழ்ந்து தூங்கவே இல்லை, அரைத் தூக்கத்தில் ஏதோ நினைத்திருப்பார் என்று சொல்லிவிட்டால் வாதம் முடிந்துவிடும். அதிலிருந்து வெளியே வர உதவியது கண். கனவு செறிவாக வரும் ரெம் தூக்கத்தில், மூளைத்தண்டிலிருந்து வரும் உத்தரவு ஒன்று உடம்பின் பெரும்பாலான தசைகளைக் கட்டிப்போட்டுவிடும். கனவில் ஓடினாலும் கால் நகராது. இந்தக் கட்டுக்குள் அடங்காதவை முக்கியமாக இரண்டு: கண்ணை அசைக்கும் தசைகளும், மூச்சை இயக்கும் உதரவிதானமும். கனவில் இடது பக்கம் பார்த்தால் இமைக்குள் நிஜக் கண்ணும் இடது பக்கம் போகும். அப்படியென்றால், முன்கூட்டியே பேசிவைத்த ஒரு கண் சைகையைக் கனவுக்குள்ளிருந்து வெளியே அனுப்பலாம் அல்லவா?

1975 ஏப்ரல் 12-ஆம் தேதி, இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் அது நடந்தது. ஆய்வாளர் கீத் ஹெர்ன் தூக்கத்தைப் பதியும் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆலன் வொர்ஸ்லி என்பவர் ரெம் தூக்கத்தில் இருந்தபடியே கண்ணை இடமும் வலமுமாக ஒழுங்காக அசைத்து, இதோ கனவில் இருக்கிறேன் என்று தெரிவித்தார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்து, 1981-இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்டார். அதற்குப் பிறகு இந்தத் துறையின் எல்லாச் சோதனைகளும் இந்தக் கண் சைகையின் மேல்தான் நிற்கின்றன. கனவு என்று தெரிந்ததும் இட-வல-இட-வல, வேலையை ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, முடித்ததும் ஒரு தடவை. ஆய்வாளர் கையில் கடிகாரமும் வரைபடமும் இருந்தால் போதும்.

கனவில் கையை அசைத்தால் மூளையில் என்ன நடக்கிறது என்பதை மார்ட்டின் டிரெஸ்லரின் குழு மியூனிக்கில் சோதித்து 2011-இல் எழுதியது. இடது கை முஷ்டியை மடக்கு, கண் சைகை காட்டு, வலது கையை மடக்கு. விழித்திருக்கும்போது கையை மடக்கினால் எந்தப் பகுதி வேலை செய்யுமோ, அதே இயக்கப் புறணிப் பகுதி கனவிலும் வேலை செய்தது. நிஜக் கை படுக்கையில் அசையாமல் கிடந்தது. ஆறு பேர் முயன்றும் இரண்டு பேருக்குத்தான் இது சாத்தியமானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உறுமும் ஸ்கேன் இயந்திரத்துக்குள் தூங்கி, அதில் கனவு கண்டு, அந்தக் கனவில் தெளிவு பெற்று, சொன்ன வேலையையும் செய்வது லேசான காரியமில்லை.

கற்பனை செய்தாலும் இதே பகுதி வேலை செய்யுமே, கனவில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. கட்டைவிரலை நீட்டிக் காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். கண்ணால் அதைத் தொடருங்கள். கண் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது கண்ணை மூடிக்கொண்டு அதே வட்டத்தை மனதில் மட்டும் போட்டு, அதைத் தொடரப் பாருங்கள். இமைமேல் லேசாக விரல் வைத்தால் தெரியும்: கண் வழுக்காது, விட்டு விட்டுத் துள்ளும். கற்பனைப் பொருளைக் கண்ணால் சீராகத் தொடர முடிவதில்லை. லபெர்ஜ், பெஞ்சமின் பெயர்ட், ஃபிலிப் ஜிம்பார்டோ ஆகியோர் 2018-இல் இதையே தெளிகனவு காண்பவர்களைக் கொண்டு செய்தார்கள். கனவில் போட்ட வட்டத்தைக் கண் வழுக்கியபடியே தொடர்ந்தது. இந்த விஷயத்தில் கனவு, கற்பனையின் பக்கம் நிற்கவில்லை. நிஜத்தில் பார்ப்பதன் பக்கம் நிற்கிறது.

இனிப் பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் வருவோம்.

வாத்தியத்தைத் தொடாமல் பழகுவது இசைக்காரர்களுக்குப் புதிதல்ல. மிருதங்கம் கற்கும் பையன்கள் பேருந்தில் உட்கார்ந்து, தொடையில் தாளம் தட்டியபடி சொற்கட்டை முணுமுணுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். இதனால் உண்மையில் என்ன பலன் என்பதை அளந்து காட்டியவர் அல்வாரோ பாஸ்குவல்-லியோன். 1995-இல் வெளியான அந்த ஆய்வில், பியானோ வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஐந்து விரல்களுக்கான ஒரு பாடம் கொடுத்தார். மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டு, தினமும் இரண்டு மணி நேரம், ஐந்து நாள். ஒரு குழு கட்டைகளில் வாசித்தது. இன்னொரு குழு பியானோவுக்கு முன்னால் கையை அசைக்காமல் உட்கார்ந்து மனதுக்குள்ளேயே வாசித்தது. விரல்களை ஆளும் மூளைப் பகுதி இரண்டு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி விரிந்திருந்தது. வாசிப்பில் மட்டும் வித்தியாசம். மனதுக்குள் ஐந்து நாள் பழகியவர்கள், கையால் பழகியவர்கள் மூன்றாம் நாள் எட்டிய இடத்தில் இருந்தார்கள். பிறகு இரண்டே மணி நேரம் நிஜப் பியானோவில் உட்கார வைத்ததும் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

இந்த ஆய்வைச் சொல்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டு மணி நேரம். மனப்பயிற்சி எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பதற்கான பதில் அதில் இருக்கிறது. கட்டையின் எடை, விரல் வழுக்கும் இடம், தப்பாக விழுந்த ஒலி காதில் உறுத்துவது எல்லாம் வாத்தியம் மட்டுமே கற்றுத்தரக்கூடியவை.

கனவுப் பயிற்சியை இதோடு நேரடியாக ஒப்பிட்டவர்கள் டடாஸ் ஸ்டும்பிரிஸ், எர்லாகர், ஷ்ரெடல். 2016-இல் வெளிவந்தது. 68 பேருக்கு விசைப்பலகையில் ஒரு விரல் வரிசை: குறிப்பிட்ட ஒழுங்கில், முடிந்த வேகத்தில் தட்ட வேண்டும். இசைப் பயிற்சிக்கு மிகவும் பக்கத்தில் வருவது இந்தச் சோதனைதான். மாலையில் ஒரு தேர்வு, மறுநாள் காலையில் ஒரு தேர்வு. கையால் பழகியவர்கள் 17 சதவீதம் முன்னேறினார்கள். மனதுக்குள் பழகியவர்கள் 12. தெளிகனவில் பழகியவர்கள் 20. இந்த மூன்று எண்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் நிற்காது. ஆகவே, கனவுப் பயிற்சி கைப்பயிற்சியைவிட மேல் என்று யாராவது இதைக் காட்டிச் சொன்னால் நம்பாதீர்கள். மற்ற இரண்டுக்கும் அது சளைத்ததில்லை என்பது வரைதான் சொல்லலாம். அதற்கு முன், 2010-இல் எர்லாகரும் ஷ்ரெடலும் செய்த முதல் சோதனையில், 10 சென்ட் நாணயத்தைக் கோப்பைக்குள் விழும்படி வீச வேண்டும். இருபது வீச்சில் சராசரியாக 3.7 முறை விழுந்தது, கனவில் பழகியவர்களுக்குக் காலையில் 5.3 ஆனது. கனவில் பழக முயன்றவர்கள் 20 பேர். பழக முடிந்தவர்கள் 7 பேர்.

சோதனை நடத்துபவர்களுக்கு இன்னொரு தலைவலியும் இருக்கிறது. தூங்கினாலே கை தேறும். ஹார்வர்டில் மாத்யூ வாக்கர் குழு 2002-இல் இதைக் காட்டியது. 4-1-3-2-4 என்ற விரல் வரிசையைப் பழகிவிட்டு ஓர் இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருந்தது; பிழை கூடவில்லை. பகலில் அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த முன்னேற்றத்தோடு கைகோத்து வந்தது ரெம் தூக்கம் அல்ல. விடியற்காலைப் பக்கம் வரும் இரண்டாம் நிலைத் தூக்கம், அதாவது கனவு மங்கலாக இருக்கும் நிலை. ஸ்டும்பிரிஸ் குழு இதை யோசித்துத்தான் எந்தப் பயிற்சியும் செய்யாமல் தூங்கி எழுந்த ஒரு குழுவையும் பக்கத்தில் வைத்திருந்தது. அவர்களின் முன்னேற்றம் சொல்லும்படி இல்லை.

தெளிகனவு வரவழைக்க அதிகம் பரிந்துரைக்கப்படும் வழி என்ன? ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்து, கொஞ்ச நேரம் விழித்திருந்து, அடுத்த கனவில் இது கனவு என்று கண்டுகொள்வேன் என மனதில் பதித்தபடி மறுபடி படுப்பது. லபெர்ஜ் வகுத்த முறை. ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி இதை, பகலில் ‘இது கனவா’ என்று சோதித்துக்கொள்ளும் பழக்கத்தோடு சேர்த்து ஒரு வாரம் மக்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, அந்த வாரத்தின் இரவுகளில் 17 சதவீதம் பலித்தது. மிச்ச இரவுகளில் நடுவில் எழுந்ததுதான் மிச்சம். விடியற்காலைத் தூக்கமே விரலைத் தேற்றுகிறது என்றால், கனவுக்காக அதைக் கலைப்பது முதலுக்கே மோசம் ஆகலாம். கச்சேரிக்கு முந்தைய இரவில் இதையெல்லாம் முயல்வது புத்திசாலித்தனம் அல்ல என்பது என் கட்சி.

இசைக்காரர்களை நேரடியாக உரசும் விஷயம் ஒன்று இருக்கிறது: காலப்பிரமாணம். கனவில் நேரம் எப்படி ஓடுகிறது? எர்லாகரும் ஷ்ரெடலும் கனவு காண்பவர்களிடம் இரண்டு வேலை கொடுத்தார்கள். ஒன்று, மனதுக்குள் எண்ணுவது. மற்றொன்று உட்கார்ந்து எழுவது, ஏறக்குறைய நம் தோப்புக்கரணம்தான். ஆரம்பத்திலும் முடிவிலும் கண் சைகை. எண்ணுவதற்கு விழிப்பில் ஆன நேரமே கனவிலும் ஆனது. தோப்புக்கரணத்துக்கோ நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதல் நேரம். அதே ஆள், அதே கனவு. கனவுத் தோப்புக்கரணம் போடும்போது படுக்கையில் கிடந்தவர்களின் இதயத் துடிப்பு கூடியது என்பது வேறு கதை. 2014-இல் இன்னும் விரிவாகச் செய்த சோதனையிலும் உடம்பு அசைவுகள் மெதுவாகத்தான் நடந்தன. தசையிலிருந்து திரும்பி வர வேண்டிய செய்தி வராததால் மூளை தயங்கித் தயங்கிப் போகிறது என்பது ஒரு விளக்கம். ரெம் தூக்கத்தில் மூளையே இந்த வேலையை மெதுவாகச் செய்கிறது என்பது இன்னொன்று.

ஒரு வீணைக்காரர் இதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்? மனதில் ஓடும் எண்ணிக்கை சரியாக இருக்கும், கை பின்தங்கும். ஆனால் பின்தங்குவது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் கனவில் தாளத்தைப் பிடித்துச் சொல்ல வேறு ஆள் இல்லை. இது என் ஊகம். வீணையை வைத்து யாரும் அளந்ததாகச் சொல்லவில்லை. ஆனால் தோப்புக்கரணக் கணக்கு இருக்கும்போது, துரித கால ஸ்வரங்களைக் கனவில் பழகி வேகத்தைக் கூட்டலாம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. விளம்ப காலத்தில் விரல் போகும் வழியை மனப்பாடம் செய்வது என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

சுருதிக்கும் இதே கதைதான். கனவில் கேட்கும் தம்புராவை யார் மீட்டுகிறார்கள்? தூங்குபவரின் மூளை. அந்தத் தம்புராவோடு சேர்ந்து பாடுவது யார்? அதே மூளை. எந்த ஸ்வரம் வரும் என்று எதிர்பார்க்கிறதோ அதையே காதுக்குக் கொடுத்துவிட்டு, அடடா என்று தலையாட்டவும் செய்யும். நிஷாதம் ஒரு மயிரிழை இறங்கியிருந்தால் நிஜத் தம்புரா காட்டிக்கொடுத்துவிடும். கனவுத் தம்புராவும் கூடவே இறங்கி வந்துவிடுமோ என்னவோ. புதிதாக ஒன்றைக் கற்க இது தோதான இடமில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். ஏற்கனவே கையில் படிந்த ஒன்றை ஓட்டிப் பார்க்கலாம். தப்பாகப் படிந்திருந்தால் அந்தத் தப்பும் சேர்ந்தே ஓடும்.

வாய்ப்பாட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் மட்டும் ஒரு சலுகை இருக்கிறது. மூச்சு கட்டிப்போடப்படுவதில்லை என்றேன் அல்லவா? லபெர்ஜும் வில்லியம் டிமென்ட்டும் 1982-இல் தெளிகனவு காண்பவர்களிடம் கனவில் மூச்சைப் பிடிக்கவும் வேகமாக விடவும் சொல்லியிருந்தார்கள். படுக்கையில் கிடந்த உடம்பும் அப்படியே மூச்சைப் பிடித்தது, வேகமாக விட்டது. கனவில் குழல் வாசிப்பவரின் விரல்கள் படுக்கையில் கிடக்கும். மூச்சு மட்டும் நிஜமாகவே ஓரளவு அவர் சொன்னபடி கேட்கும். அதே இருவர் கனவில் பாடுவதையும் எண்ணுவதையும் ஒப்பிட்டபோது, பாடும்போது மூளையின் வலப்பக்கமும் எண்ணும்போது இடப்பக்கமும் முந்தி நின்றன. மிகச் சிறிய ஆய்வு என்பதால் அதை அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

கனவில் நிஜமாகவே வாசித்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? ஷேட்லிஷும் எர்லாகரும் 2018-இல் அப்படிப்பட்ட ஐந்து இசைக்கலைஞர்களிடம் விரிவாகப் பேசி எழுதினார்கள். விளையாட்டு வீரர்களை எண்களால் அளந்த அதே ஆட்கள், இசைக்கு வந்தபோது உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. கலைஞர்களின் பேச்சில் விரல் வேகம் பெரிதாகப் பேசப்படவில்லை. வாசிக்கும்போது வந்த ஆனந்தம், தடை கழன்றது போன்ற உணர்வு, விழித்த பிறகும் கூடவே இருந்த தைரியம் ஆகியவைதான் மேலே வந்தன. இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தப்பைக் காட்டிக்கொடுக்க ஆள் இல்லாத இடம் பாடத்துக்குக் கெடுதல். மேடைப் பயத்துக்கு அதுவே மருந்து. எதிரே ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்க, கை நடுங்காமல் ஒரு ராகத்தை விரித்துப் பார்த்த அனுபவம் கனவில் கிடைத்தாலும் அனுபவம்தான்.

கனவில் இசை பிறப்பதும் உண்டு. வயலின் மேதை தார்தினி தன் கனவில் சாத்தான் வாசித்ததைக் கேட்டதாகவும், விழித்ததும் எழுதியது அதற்கு உறைபோடக் காணாது என்றும் சொன்ன கதை பிரபலம். அதைவிட எனக்கு உறுதியாகப் படுவது, ஃப்ளாரன்ஸில் வலேரியா உகாவும் சக ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட கணக்கு. தொழில்முறை இசைக்கலைஞர்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இசைக் கனவு கண்டார்கள். தினமும் எத்தனை மணி நேரம் சாதகம் செய்கிறார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எந்த வயதில் கற்கத் தொடங்கினார்கள் என்பதோடுதான் சம்பந்தம் இருந்தது. கனவில் கேட்டு நினைவில் நின்ற இசையில் ஏறக்குறைய பாதி, எங்கும் கேட்டறியாத இசை.

வெளியிலிருந்து ஒரு காதைக் கனவுக்குள் அனுப்ப முடியுமா என்பதுதான் இனி மிச்சம். இதை முதலில் முயன்றவர்களில் ஒருவர் ஹெர்வே த சான்-தெனி என்ற பிரெஞ்சுப் பிரபு. 1867-இல் கனவைப் பற்றி ஒரு தடித்த நூல் எழுதியவர். நடன விருந்துகளில் குறிப்பிட்ட ஒரு பெண்ணோடு ஆடும்போது ஒரு வால்ட்ஸ், இன்னொரு பெண்ணோடு ஆடும்போது வேறொரு வால்ட்ஸ் என்று வாத்தியக் குழுத் தலைவரிடம் சொல்லி ஏற்பாடு செய்தார். பிறகு ஓர் இசைப்பெட்டியைக் கடிகாரத்தோடு பொருத்தி, தான் தூங்கும்போது அந்த மெட்டுகளில் ஒன்று ஒலிக்கும்படி வைத்தார். எந்த மெட்டு ஒலித்ததோ அந்தப் பெண் கனவில் வந்தாள். ஆராய்ச்சி என்ற பெயரில் அந்த மனிதர் நன்றாகத்தான் பொழுது போக்கியிருக்கிறார்.

2021-இல் அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் நான்கு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இதை ஒரு படி மேலே கொண்டுபோயின. கேரன் கான்கோலி தலைமையில் 36 பேர் பங்கெடுத்தார்கள். ரெம் தூக்கத்தில் தெளிகனவு காணும் ஒருவரிடம், எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்று காதில் கேட்டார்கள். கண் இரண்டு தடவை இட-வலமாகப் போய் வந்தது. கேள்வி சிலருக்குக் கனவின் மேலே ஒலிக்கும் குரலாகக் கேட்டிருக்கிறது. சிலருக்குக் கனவில் இருந்த வானொலியிலிருந்து வந்திருக்கிறது. ஆக, நிஜ உலகின் ஒலி உள்ளே போகிறது, பதிலும் வெளியே வருகிறது. ஒரு மெட்ரோனோமையோ சுருதிப் பெட்டியையோ அந்த வழியாக உள்ளே அனுப்பி, கனவுக் கச்சேரிக்கு வெளியிலிருந்து சுருதி சேர்க்க முடியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சோதனையில் மொத்தம் 158 முறை கேட்டதில் சரியான பதில் வந்தது 18.4 சதவீதம், தப்பான பதில் 3.2 சதவீதம், என்ன சொல்கிறார் என்று பிடிபடாதது 17.7 சதவீதம். மீதி ஏறக்குறைய 61 சதவீதத்துக்குத் தூங்கியவரிடமிருந்து பதிலே இல்லை.